கணனியும் வெப்பமும் நீரும்

கணனியின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அது வெப்பத்துடன் நிகழ்ந்த போராட்டத்தின் வரலாறுமாகும் என்பது மனங்கொள்ளத்தக்கது.

1946 ஆம் ஆண்டு பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அறிமுகமான எனியாக், ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்டது. சுமார் 150 கிலோவாற்று மின்னை நுகர்ந்தது. அம்மின் ஈற்றில் வெப்பமாகவே வெளிப்பட்டமையால், விசிறிகள் இடையறாது காற்றைச் செலுத்தின. திரான்சிஸ்டரின் வருகையாலும் இடர் தீரவில்லை. உறுப்புகள் சிறுத்து நெருங்க, வெப்பமும் செறிந்தது. 1976 இல் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தை அடைந்த கிறே-1, குளிர்சாதனப் பெட்டிகளிற் பயன்பட்ட பிறியோனால் குளிர்விக்கப்பட்டது. 1985 இல் வெளிவந்த கிறே-2 இன் சுற்றுக்களோ மின்கடத்தாத் திரவத்திலேயே அமிழ்த்தப்பட்டன.

வேறு பல பெருங்கணனிகள் குளிர்நீரை நாடின. ஆயின், காக்கும் நீரே கசிந்தாற் பகையாகும். உயர்த்தப்பட்ட தளத்தின் கீழ், மின்வடங்கள் கிடக்கும் வெளியிலேயே நீர் முதலில் தேங்கும். எனவே அங்கு நீருணரிகள் பொருத்தப்பட்டன.

உயரமும் முழுக் காப்பாகாது. 2012 இல் சான்டிப் புயல் நியூயோர்க்கைத் தாக்கியபோது, ஒரு கட்டிடத்தின் நிலவறையிலிருந்த எரிபொருட் பம்பிகள் மூழ்கின. மேல்மாடிக் கணனிகளை நீர் தீண்டவில்லை. எனினும் அவை இயங்க, மனிதர் பதினேழு மாடிகளுக்கு எரிபொருளை வாளிகளிற் சுமந்தனர். கணனியின் ஆயுள், அதனைத் தாங்கும் ஏற்பாடுகளுள் மிக நலிந்ததிலேயே தங்கியுள்ளது எனலாம்.