செப்புத்திருமேனியும் ஐம்பொன்னும்

மல்லாங்கிணற்று வட்டாரத்தார் வழிபடும் திருச்சுழியலில் இறைவர்க்குத் திருமேனிநாதர் என்பது திருநாமம். விழாக்கோலங்கொள்ளும் வார்ப்புருவங்களையும் திருமேனி என்றே நம் முன்னோர் வழங்கினர். அவற்றை ஐம்பொன் என்பாரும் உளர். ஐந்தும் ஒப்பக் கலந்தன என்று அன்பர் கருதற்க. முதலாம் இராசராசன் (985–1014) காலத்துத் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்கள் செப்புப் பிரதிமங்கள் என்றே கூறி, அவற்றை முழத்தானும் விரலானும் அளந்து குறிக்கின்றன. அக்கூற்றே பொருந்துவது. சோழர்காலத் திருமேனிகளை இக்காலத்தார் ஆய்ந்தவழிப் பெரும்பகுதி செம்பும், சிறுபகுதி வெள்ளீயமும் காரீயமுமே காணப்பட்டன. பொன்னும் வெள்ளியும் உளவாயினும் மிகச் சிறிதே. பொன்னென்று மயங்கிக் கவர்வார் ஏமாறுவர் போலும்!

இக்கலப்பிற்குக் காரணம் யாது? தனிச்செம்பு உருக ஏறத்தாழ 1,085 பாகை வெப்பம் வேண்டும். உருகியும் கருவின் நுண்ணிடங்களிற் செவ்வனே ஓடாது. வெள்ளீயம் அவ்வெப்பத்தைத் தாழ்த்தி வன்மை தரும், காரீயம் ஓட்டந்தரும். வெள்ளீயம் நூற்றுக்கு 15 பங்கைக் கடப்பின் வார்ப்பு எளிதில் உடையும். ஆயினும் 22 பங்களவு கலந்ததைச் செந்தழல்போற் காய்ச்சி அடித்தால் மெல்லிய கலமாம். சோழர்க்குப் பன்னூற்றாண்டு முற்பட்ட ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டில் அத்தகைய கலங்கள் கிடைத்துள்ளன.