இரகசியத்தின் எல்லை

களனி கங்கை கடலோடு கலக்கும் இடமாதலின் முகத்துவாரம் அப்பெயர் பெற்றது. அங்குள்ள தோட்டக் குடியிருப்புகளில் ஒரே சுவருக்கு இருபுறமும் வீடுகள். ஒரே குழாயடியில் பல வீட்டுக் குடங்கள். அடிபடும் பிள்ளையின் அழுகை அயலவர் செவிக்கு எட்டாதிருத்தல் அரிது. கேட்டவர் வாய்திறத்தலோ அதனினும் அரிது. “அவர்கள் பிள்ளை, அவர்கள் பாடு” என்று கதவைச் சாத்திக்கொள்வதே நெடுங்காலம் மரியாதையெனக் கருதப்பட்டது. முகத்துவாரத்துக்கு மட்டும் உரிய வழக்கமன்று இது. கறுவாத் தோட்டத்து மாளிகைகளில் மதில் உயரம் என்பதே வேறுபாடு.

பிள்ளையைக் கொடுமைப்படுத்துதல் குடும்ப விவகாரமன்று, குற்றமே என்று இங்கிலாந்து 1889 ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றியது. இலங்கையில் 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் அவ்வழியிற் பிறந்தது. பராமரிப்பும் பாதுகாப்பும் வேண்டிநிற்கும் பிள்ளையை நீதிமன்றத்தின் முன் கொணர அது வழிசெய்தது. ஆனால் நீதிமன்றத்துக்கு முதற்சொல்லைக் கொண்டுசெல்வார் யார்?

அவ்வினாவை உலகின் முன் வைத்தவர்கள் மருத்துவர்கள். அமெரிக்க மருத்துவர் ஹென்றி கெம்பேயும் அவர்தம் துணைவரும், பிள்ளைகளின் எலும்பு முறிவுகளுக்குப் பெற்றோர் கூறும் காரணங்கள் பல வேளைகளிற் பொருந்தவில்லை என 1962 இல் எழுதினர். சில ஆண்டுகளுக்குள் அந்நாட்டு மாநிலங்கள் யாவும், ஐயம் எழுந்தால் அறிவித்தல் கட்டாயம் எனச் சட்டம் செய்தன. இந்தியாவிலும் பாலியற் குற்றங்களைப் பொறுத்தமட்டில் 2012 ஆம் ஆண்டுச் சட்டம் அறிவியாதிருத்தலைத் தண்டனைக்குரியதாக்கிற்று.

இலங்கையின் கதை சற்றே விநோதமானது. 1995 இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது சிறுவர் கொடுமையும் பாலியற் சுரண்டலும் தெளிவாக வரையறுக்கப்பட்டன. ஆபாசமான சிறுவர் படச்சுருள் கழுவ வந்தால், அதனைக் கழுவுபவர் பொலிசாருக்கு உடனே அறிவித்தல் வேண்டும் என்ற விதியும் வந்தது. பிள்ளையின் வாய்மொழியையே கேட்கும் உளவளத்துணையாளரைப் பெயர்சொல்லிக் கட்டும் வாசகம் ஆங்கு இடம்பெறவில்லை. 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்த் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைந்தது. பேராசிரியர் ஹரேந்திர டி சில்வா அதன் முதல் தலைவரானார். பின்னர் 1929 என்னும் தொலைபேசி இலக்கமும் வந்தது. எனினும் அத்தொலைபேசியை எடுக்கும் கை தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு.

பன்னிரண்டு வயது மாணவி ஒருத்தி, “ஒருவரிடமும் சொல்லக்கூடாது, ரீச்சர்” என்று தொடங்குவதாகக் கொள்ளலாம். இரகசியம் காத்தல் உளவளத்துணையின் உயிர்நாடி; அதனை நம்பியே பிள்ளை வாய்திறக்கிறாள். “சொல்லமாட்டேன்” என்று வாக்களித்துக் கேட்டுவிட்டுப் பின்னர் அறிவித்தால், பெரியவர்கள்மீது அவளுக்கிருந்த எஞ்சிய நம்பிக்கையும் போய்விடும். வாக்கைக் காத்து மௌனமாயிருந்தாலோ, அன்றிரவு அவள் திரும்பிச் செல்வது அதே வீட்டுக்கு. ஆகவே உன் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்தெனில் உதவக்கூடியவர்களிடம் சொல்லவேண்டிவரும் என்பதை முதற்சந்திப்பிலேயே, அவள் எதையும் கூறுமுன், எளிய சொற்களிற் கூறிவிடுவதே நேர்மையாகும். அவ்வாறு கூறினால் சில பிள்ளைகள் வாய்மூடிவிடுவர் என்பதும் உண்மையே. அந்த இழப்பு பெரிது. ஆயினும் ஏமாற்றிப் பெற்ற வாக்குமூலத்தினும் அது மேல்.

அடுத்த சிக்கல், ஐயம் வேறு, நிரூபணம் வேறு என்பது. முழுச் சான்றும் கிட்டும்வரை காத்திருப்பவர் துப்பறிவாளர் வேலையைத் தம் தலையிற் போட்டுக்கொள்கிறார். “மாமாவா செய்தார்?” என்பதுபோன்ற கேள்விகள் விடையைப் பிள்ளையின் வாயில் ஊட்டிவிடும், பின்னர் வழக்கும் குலையும். பிள்ளையின் கூற்றை ஒளிப்பதிவாகச் சான்றில் ஏற்க 1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டம் இடமளித்ததும், அவள் தன் துயரைப் பலமுறை உரைக்கும் கொடுமையைக் குறைத்தற்கே. உளவளத்துணையாளர் செய்யத்தக்கது, பிள்ளை கூறியதை அவள் சொற்களிலேயே நாளும் நேரமும் இட்டுக் குறித்துவைத்து, பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைத்தல்.

அறிவிக்குமுன் அதனைப் பிள்ளைக்குச் சொல்லியாகவேண்டும். அப்பொழுது அவள் பெரும்பாலும் கேட்பது தன்னைப்பற்றியன்று. “அப்பாவைப் பிடித்துக்கொண்டு போவார்களா? தம்பிக்கு யார் சாப்பாடு கொடுப்பது?” என்பாள். ஒன்றும் நேராது என்று அவளைத் தேற்ற உளவளத்துணையாளருக்கு உரிமையில்லை. எவரெவர் வருவர், என்ன கேட்பர், அன்றிரவு அவள் எங்கே உறங்குவாள் என்பவற்றை, தமக்குத் தெரிந்தமட்டில் கூறலாம். அவர்கள் வரும்வரை அருகில் அமர்ந்திருக்கலாம்.