உப்புத்தாளும் குருந்தக் கல்லும்

தச்சுப் பட்டறைகளில் உப்புத்தாள் என வழங்கும் பொருளில் உப்பு இல்லை. மணல்தாள் என்றாலும் இன்று அதில் மணல் இருப்பது அரிது. அதன் பிறப்பைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வைப்பது வழக்கம். 1834இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஐசக் ஃபிஷர் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஏறத்தாழ அதே காலத்தில் இலண்டனில் ஜான் ஓக்கி கண்ணாடித் தூள் ஒட்டிய தாளைத் தயாரித்தார்.  ஆயினும் தேய்ப்பறிவின் வரலாறு இங்குத் தொடங்குவதன்று.

மழமழப்பு என்பது ஒழுங்கான கீறல்களின் விளைவு. பருமணி ஆழமாகக் கீறும். அதனினும் நுண்ணிய மணி அக்கீறலை அழித்துத் தன் சிறு கீறலை விட்டுச் செல்லும். தாளின் பின்புறம் காணும் 60, 120, 220 என்னும் எண்கள் இவ்வரிசையையே குறிக்கின்றன. எண் உயர உயர மணி நுண்மையாகும். நடுவில் ஒரு படியைத் தவறவிட்டால், பழைய கீறல் மறையாது நின்று வண்ணம் பூசியபின் வெளிப்படும்.

இவ்வறிவின் பழைய சான்று பீகாரின் பராபர் குன்றுகளில் உள்ளது. அசோகர் தம் 12ஆம் ஆட்சியாண்டில் ஆசீவகர்க்கு அளித்த சுதாமா குகையின் கருங்கற் சுவர்கள் கண்ணாடிபோல் ஒளிர்கின்றன. எனினும் ஆய்வாளர்க்கு அதனினும் பயன்படுவது அருகிலுள்ள லோமஸ் ரிஷி குகை. அது முற்றுப்பெறாதது. வெளியறைச் சுவர்கள் பெருமளவு மெருகேறியிருக்க, உள்ளறை உளித்தடங்களோடு நின்றுவிட்டது. நிறைவுற்ற குகை மறைத்துவிடும் வேலைப்படிகளை நிறைவுறாத குகை காட்டிக்கொடுக்கிறது. கருங்கல்லிலுள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. அதைத் தேய்க்க அதற்கு நிகரான அல்லது மேலான கடினமுள்ள மணிகள் வேண்டும்.

அவ்வகையில் வைரத்திற்கு அடுத்து நிற்பது கடினம் 9 உடைய குருந்தம். மைசூர், சேலம், ரேவா வட்டாரங்களில் கிடைத்த இக்கல்லைப் பொடித்து, உருக்கிய அரக்கில் பிணைத்து, இந்திய மணிக்கல் வினைஞர் சாணைச் சக்கரம் செய்தனர். கல்லுக்கு உருவம் கொடுக்கப் பருந்தூள் சாணையும், பின்னர் நுண்தூள் சாணையும் பயன்பட்டன. தரம் பிரித்த மணி, அதைப் பிடித்து நிறுத்தும் பிசின், பருமையிலிருந்து நுண்மைக்குச் செல்லும் ஒழுங்கு ஆகிய மூன்றும் இதில் உள்ளன. உப்புத்தாளின் அடிப்படையும் இம்மூன்றே.

சொல்லின் பயணமும் கவனத்திற்குரியது. தமிழின் குருந்தம், வடமொழியின் குருவிந்தம் ஆகியவற்றோடு தொடர்புடைய கொரண்டம் என்னும் பெயரை, 1798இல் இலண்டன் அரச கழக இதழில் சார்லஸ் கிரெவில் எழுதிய கட்டுரை கனிமவியலில் பரவச் செய்தது. 1891இல் எட்வர்ட் அச்சிசன் செயற்கையாக ஒரு கடும்பொருளை உருவாக்கினார். அது கார்பனும் குருந்தமும் சேர்ந்தது எனத் தவறாகக் கருதி, கார்போரண்டம் எனப் பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கான் கார்பைடு. 1954இல் சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் தொடங்கப்பட்டபோது, அச்சொல் உருமாறித் திரும்பி வந்தது. குருந்தத்தின் வேதிப்பொருளோ, அலுமினியம் ஆக்சைடு என்னும் பெயரில் இன்றைய தாள்கள் பலவற்றில் ஒட்டியிருக்கிறது.

இதிலிருந்து உப்புத்தாள் இந்தியாவின் கண்டுபிடிப்பு என முடிவுகட்டுவது வரலாறாகாது. வளைந்த மரத்தோடு வளைந்து கொடுக்கும், மலிவான, ஒரே சீரான தாள் உண்மையிலேயே புதியது. அரக்குச் சாணை அதைச் செய்ய இயலாது. அதேவேளை, காப்புரிமை ஆண்டையே அறிவின் பிறந்தநாளாகக் கொள்வதும் பிழை. பதிவேடு வைத்திருந்தவர்க்கு மட்டுமே வரலாறு உண்டு என்றாகிவிடும். சுதாமா குகையில் கொடையளித்த அரசரைக் கல்வெட்டு குறிக்கிறது. சுவரைத் தேய்த்தவர்களைக் குறிக்கவில்லை. அவர்களைப் பற்றிப் பேசும் ஆவணம், லோமஸ் ரிஷியில் மெருகு நின்று உளித்தடம் தொடங்கும் அந்த எல்லைதான்.