ஒரு பென்னி ரயிலும் ஓர் எக்ஸெல் ஷீட்டும்

போன மாதம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் இடத்துக்கு வந்தான். சொந்த ஊர் அரக்கோணம். ஆபீஸ் தரமணியில். "அண்ணா, ரூம் எடுக்கலாமா, இல்ல வீட்லேர்ந்தே வந்து போகலாமா? கணக்கு போட்டு வெச்சிருக்கேன், பாருங்க" என்றான்.

எக்ஸெல்லில் ஒரு பக்கம் வாடகை, அட்வான்ஸ், மெஸ், கரண்ட் பில். மறுபக்கம் சீசன் டிக்கெட், ஸ்டேஷனில் பைக் விடும் காசு. சீசன் சில நூறு ரூபாய்தான் என்பதால் ரயில் பக்கம் அபாரமாக ஜெயித்திருந்தது. நேரத்துக்கும் ஒரு வரி போட்டிருந்தான். சென்ட்ரல் வரை 69 கிலோமீட்டர், பிறகு பார்க் டவுன் போய்ப் பறக்கும் ரயில். ஒரு நடைக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்.

"எல்லாம் சரியா இருக்கு, ஆனா எதையோ விட்ட மாதிரி இருக்குணா" என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. அன்றிரவு லண்டன் ரயில்வே பற்றி நான் எடுத்து வைத்திருந்த பழைய குறிப்புகளைப் புரட்டினேன். ஏனென்றால் இதே கணக்கை 160 வருஷத்துக்கு முன்னால் ஒரு நாடாளுமன்றமே போட்டுப் பார்த்திருக்கிறது.

1850, 60களில் ரயில் கம்பெனிகள் லண்டன் நகரின் நடுப்பகுதிக்குள் பாதை போட வந்தன. பாதைக்கு நிலம் வேண்டும். பணக்காரர் தெருவை இடித்தால் இழப்பீடு எகிறும். ஏழைகள் நெருக்கியடித்துக் குடியிருந்த தெரு என்றால் கட்டட உரிமையாளருக்கு மட்டும் கொடுத்தால் போதும். வார வாடகைக்கு இருந்தவருக்கு ஒரு காசும் தர வேண்டியதில்லை. அதனால் பாதைகள் பெரும்பாலும் அந்தத் தெருக்கள் வழியாகவே போயின. 1868இல் திறந்த செயின்ட் பான்க்ராஸ் நிலையத்துக்காக அகர் டவுன் என்ற குடியிருப்பே காணாமல் போனது.

வீடு இழந்தவர்கள் என்ன செய்வார்கள்? புறநகருக்குப் போய்விடுவார்கள் என்றுதான் மேலே இருந்தவர்கள் நினைத்தார்கள். 1864இல் கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வே நகருக்குள் நுழைய அனுமதி கேட்டபோது நாடாளுமன்றம் ஒரு நிபந்தனை போட்டது. வடகிழக்கே இருக்கும் எட்மண்டன், வால்தம்ஸ்டோ பகுதிகளிலிருந்து தினமும் தொழிலாளர் ரயில் விட வேண்டும். காலை 7 மணிக்குள் அது நகரை அடைய வேண்டும். ஒரு நடைக்கு ஒரு பென்னிதான் கட்டணம். 1883இல் வந்த மலிவு ரயில்கள் சட்டம் இந்த ஏற்பாட்டை நாடு முழுக்க விரித்தது. மைலுக்கு ஒரு பென்னி, அதற்குக் கீழ் வாங்கும் டிக்கெட்டுக்குப் பயணி வரி கிடையாது. பதிலுக்குப் போதுமான தொழிலாளர் ரயில்களை விட வேண்டும் என்று அரசு கேட்கலாம்.

பலன் கண்கூடாகத் தெரிந்தது. 1871இல் சுமார் 11,000 பேர் இருந்த வால்தம்ஸ்டோவில் 1901இல் ஏறக்குறைய 95,000 பேர். வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், பின்னால் கொஞ்சம் தோட்டம். நம் தம்பியின் எக்ஸெல் அங்கே ஜெயித்துவிட்டது என்றே சொல்லலாம்.

ஆனால் யார் போனார்கள் என்று பாருங்கள். தச்சர், அச்சுக்கோப்பவர், குமாஸ்தா. அதாவது காலையில் எத்தனை மணிக்கு வேலை, மாலையில் எத்தனை மணிக்கு விடுதலை என்று தெரிந்தவர்கள். இடிப்பில் வீட்டைப் பறிகொடுத்த பரம ஏழைகளில் பெரும்பாலோர் அடுத்த தெருவுக்கே நகர்ந்து, ஏற்கெனவே நிரம்பி வழிந்த அறைகளில் இன்னும் நெருக்கிக்கொண்டார்கள்.

ஏன்? துறைமுகக் கூலியை எடுத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு நிரந்தர வேலை கிடையாது. கேட்டின் முன்னால் கூட்டத்தில் நிற்க வேண்டும், ஆள் எடுப்பவன் கை காட்டினால் வேலை. சில நாள் ஒரு மணி நேர வேலைதான் கிடைக்கும். காலையில் கிடைக்காவிட்டால் மதியம் திரும்பப் போய் நிற்க வேண்டும். 1889இல் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் நடத்திய பெரிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், எடுத்தால் குறைந்தது 4 மணி நேர வேலை வேண்டும் என்பதும் ஒன்று. இப்படிப்பட்டவனுக்கு பென்னி ரயில் இருந்தும் என்ன பயன்? அவன் மனைவி பக்கத்துத் தெருக்களில் வீட்டு வேலை செய்கிறாள், தையல் கூலி வாங்குகிறாள். மளிகைக்கடையில் முகம் தெரிந்த கடன் இருக்கிறது. புறநகர் போனால் இவ்வளவும் போய்விடும். தொழிலாளர் குடியிருப்பை ஆராய 1884இல் அமைத்த அரச விசாரணைக் குழுவும், கூலி வேலைக்காரர் வேலை கிடைக்கும் இடத்தை ஒட்டியே இருந்தாக வேண்டியிருக்கிறது என்பதைப் பதிவு செய்தது.

போனவர்களுக்கும் தொந்தரவு இல்லாமல் இல்லை. மலிவு டிக்கெட் விடியற்காலை வண்டிக்கு மட்டும்தான். இறங்கும்போது பட்டறை, கடை எதுவும் திறந்திருக்காது. இளம்பெண்கள் குளிரில் தெருவில் நின்றார்கள். 1890களில் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆல் ஹாலோஸ் தேவாலயத்தின் பாதிரியார் சாமுவேல் ஜான் ஸ்டோன், அவர்கள் வந்து உட்காரட்டும் என்று கோயிலை அதிகாலையிலேயே திறந்து வைத்தார். எந்தக் கணக்கிலும் ஏறாத அந்தக் காத்திருப்பு நேரத்தை ஒரு மனுஷராவது கவனித்திருக்கிறார்.

நம் ஊருக்கு வருவோம். 1931இல் சென்னை கடற்கரை – தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் வந்தது. அதை நம்பிக் குடியேறியவர்களிலும் பத்து டு ஐந்து உத்தியோகக்காரர்கள் நிறைய. பூக்காரம்மாவும் தயிர்க்காரம்மாவும் தூரத்திலிருந்து வரத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் சரக்கு விளையும் இடத்திலிருந்து விற்கும் இடத்துக்கு வருகிறவர்கள். கூவம் கரையிலிருந்து எடுத்துக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்கள் கதை வேறு. மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மாவுக்கு அந்த நாலு வீடும் போச்சு. லண்டன்காரன் இடித்ததற்குப் பதிலாக ஒரு பென்னி ரயிலாவது கேட்டு வாங்கினான். நாம் குடியமர்த்திய இடத்தின் வாசலில் ரயிலே இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2004 வாக்கில் நான் செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்கு ஒன்றரை வருஷம் வந்து போனேன். எனக்கு ஆறு மணி வண்டி என்றால் அம்மாவுக்கு நாலரைக்கு அடுப்பு. ரிலீஸ் இருக்கும் இரவுகளில் கடைசி வண்டி போய்விடும். ஆபீஸ் மீட்டிங் ரூம் கார்ப்பெட்டில் படுத்திருக்கிறேன். "நீ மாசம் எவ்ளோ மிச்சம் பிடிக்கிற?" என்று அம்மா ஒருநாள் சாதாரணமாகத்தான் கேட்டாள். தொகையைச் சொன்னேன். "அதுல எனக்கு எவ்ளோ?" என்றாள். அடுத்த மாதமே பல்லாவரத்தில் ஒரு ரூம் பார்த்தேன்.

மறுநாள் தம்பியின் ஷீட்டில் இரண்டு வரி சேர்க்கச் சொன்னேன். ஒன்று: மாதத்தில் எத்தனை நாள் உன்னால் சொன்ன நேரத்துக்குக் கிளம்ப முடியும்? இரண்டு: உனக்கு முன்னால் வீட்டில் யார் எழுந்திருக்க வேண்டும்? நேரம் நிச்சயம் என்றால் ரயில் நல்ல ஏற்பாடுதான். புத்தகம் படிக்கலாம், தூங்கலாம். நேரம் உன் கையில் இல்லை என்றால் வாடகை கொடுத்து அருகில் இருப்பதே மேல்.

அவன் இன்னும் முடிவெடுக்கவில்லை. முதல் வேலையாக மேனேஜரிடம் போய், ஆன்-கால் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வரும் என்று கேட்டிருக்கிறான். "பார்த்துச் சொல்றேன்" என்றாராம். இரண்டாவது வரியையும் அம்மாவிடம் கேட்டானா என்று நான் விசாரிக்கவில்லை. கேட்டிருப்பான் என்று நினைக்கிறேன்; அடுத்த நாள் டிபன் பாக்ஸ் இல்லாமல் வந்து கேன்டீனில் சாப்பிட்டான்.