லண்டன் ஸ்திரீகளின் பட்டுப் பதாகைகள்

ஒரு தலைநகரில் யார் யாருக்குச் சிலை எழுப்பியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே, அந்தத் தேசம் யாரை நினைவில் வைக்க விரும்பிற்று என்பது விளங்கிவிடும். லண்டன் பார்லிமெண்டுச் சதுக்கத்தில் 2018 ஏப்ரல் மாதம் வரையில் ஒரு ஸ்திரீயின் சிலைகூட இருந்ததில்லை. அங்கே இடம் பெறாத பெண்குலத்தின் சரித்திரத்தை, அதற்கு 110 வருஷங்களுக்கு முன்பே, அந்நாட்டு ஸ்திரீகள் பட்டிலும் வெல்வெட்டிலும் தைத்து வீதியில் ஏந்திச் சென்றார்கள்.

1908 ஜூன் 13ஆம் தேதி, வாக்குரிமை கோரி, தேம்ஸ் நதிக்கரையிலிருந்து ஆல்பர்ட் மண்டபத்துக்கு 10,000 பேருக்கு மேல் மில்லிசெண்ட் ஃபாசெட் அம்மையாரின் தலைமையில் ஊர்வலம் போனபோது, அவர்கள் தலைக்கு மேல் 70க்கும் அதிகமான பதாகைகள் அசைந்தன. அவற்றுள் பல, கோரிக்கை எதுவும் எழுதாமல், ஒரு ஸ்திரீயின் பெயரையே தாங்கியிருந்தன. அப்போது 88 வயதில் ஜீவந்தராக இருந்த ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் பெயரோடு ‘கிரிமியா’ என்ற ஒரே சொல்; மேரி கியூரியின் பெயரோடு ‘ரேடியம்’. எட்டு வால்நட்சத்திரங்களைக் கண்டறிந்தும், வானசாஸ்திரி வில்லியம் ஹெர்ஷெலின் தங்கை என்ற அளவிலேயே உலகம் அறிந்திருந்த கரோலின் ஹெர்ஷெலுக்கும் அன்று தனியாக ஒரு பதாகை கிடைத்தது. அதைவிடப் பெரிய நியாயம் அந்த நாளில் நடக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்பதாகைகளை வகுத்தவர்களில் முதன்மையானவர் மேரி லௌண்ட்ஸ். வர்ணக் கண்ணாடிச் சாளரங்கள் செய்வதில் தேர்ந்த அவர், 1907இல் வாக்குரிமைக்காகச் சித்திரக்காரர்களின் சங்கம் ஒன்றை நிறுவியவர். அவருடைய குறிப்பேடு இன்றும் லண்டனில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பதாகைக்கும் வர்ணம் தீட்டிய சிறு சித்திரமும், எந்தத் துணி, எந்த நிறம் என்று காட்டுவதற்காக ஒட்டிவைத்த பட்டுத் துணுக்குகளும் அதில் உள்ளன. பதாகை என்பது படிப்பதற்கான அறிவிப்புப் பலகையன்று, காற்றில் மிதக்க வேண்டிய அழகு என்பது அவர் கொள்கை. ஆகவே எழுத்தைச் சுருக்கி, துணியைப் பெரிய உருவங்களாகக் கத்தரித்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தைக்கும் முறையை அவர் விரும்பினார். ஊர்வலம் முடிந்தபின் அவை வெளியூர்களிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன.

1918இல், 30 வயது நிரம்பி, சொத்துத் தகுதியும் உடைய ஸ்திரீகளுக்கு வாக்குரிமை வந்தது. அதன் நூற்றாண்டை முன்னிட்டு 2018இல் 100 பெண் கலைஞர்கள் பல ஊர்ச் சங்கங்களோடு கூடிப் பட்டறைகள் நடத்தினார்கள்; ஊசி பிடித்தறியாதவர்களும் அங்கே பயின்று பதாகைகள் தைத்தார்கள். ஜூன் 10ஆம் தேதி லண்டன், கார்டிஃப், எடின்பரோ, பெல்ஃபாஸ்ட் ஆகிய நான்கு நகரங்களிலும் அவை ஊர்வலம் வந்தன.

ஆனால் ஒரு குறை என் மனத்தை விட்டு அகலவில்லை. 1908இல் சித்திரம் வகுத்தவரின் பெயர் நிலைத்தது. பதாகையில் இடம் பெற்றவரின் பெயரும் நிலைத்தது. விளக்கொளியில் கண்கள் நோகத் தைத்த பெண்களில் மிகப் பலரது பெயர் எந்தத் துணியிலும் இல்லை. மறக்கப்பட்டவர்களை நினைவுகூர்ந்த கைகளே மறக்கப்பட்டுவிட்டன. நம் ஊர்களிலும் இத்தகைய பட்டறைகள் நடத்த முன்வருவோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: துணியின் முன்புறத்தில் யாருடைய பெயரைத் தைத்தாலும், பின்புறத்தில் தைத்தவர்கள் அனைவருடைய பெயரையும் தவறாமல் எழுதி வையுங்கள்.