கடல் கடந்து மருந்து பயின்றோர்

நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் தோட்டத்து மருந்தகத்தில் டிரெசர் ஒருவர் இருந்தார். கண்ணாடிக் குவளையில் மருந்தைத் துளித்துளியாக விடும்போது வாய்விட்டு எண்ணுவார். எண்ணி முடியும்வரை எவரையும் பேச விடமாட்டார். ஒரு துளி கூடிவிட்டால் குடியா முழுகிவிடும் என்று நாங்கள் நகைத்ததுண்டு. அந்தத் துளிக்கும் ஒரு வரலாறு உண்டென்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நாடுகள் பலவும் தத்தமக்கெனத் தனி மருந்து நூல் வைத்திருந்தன. மருந்தின் பெயர் ஒன்றாகவே இருக்கும். அதன் செறிவோ நாட்டுக்கு நாடு வேறுபடும். ஒரு நாட்டு மருத்துவர் எழுதிய சீட்டை மற்றொரு நாட்டு மருந்துக் கடையில் நீட்டினால், நஞ்சு கலந்த டிஞ்சர் மிகுந்த வலிவோடு கைக்கு வரவும் கூடும். இக்கேட்டைக் களையும் பொருட்டு 1902ஆம் ஆண்டில் பல நாட்டாரும் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடினர். 1906இல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. வலிய மருந்துகளின் செறிவு வரையறுக்கப்பட்டது. துளியும் அளவு பெற்றது. துளி விடும் குழாய் முனையின் வெளி விட்டம் 3 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். 15 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் வடித்த நீரின் 20 துளிகள் 1 கிராம் நிறுத்தல் வேண்டும்.

ஏட்டில் அளவு ஒன்றாயிற்று. ஆனால் கையும் கண்ணும் ஏட்டினால் மட்டும் பழகுவதில்லை. வல்லார் செய்யக் கண்டும், தாமே செய்தும் பழகுவன. இவ்வுண்மைக்கு அதற்கும் முந்திய சான்று ஜெர்மானிய அறிஞர் லீபிக்கின் வாழ்க்கை. 1803இல் டார்ம்ஸ்டாட் நகரில் பிறந்த அவர், இளமையில் ஹெப்பன்ஹைம் என்னும் ஊரில் ஒரு மருந்துக் கடையில் தொழில் பழகினார். 1822இல் ஹெஸ்ஸே நாட்டுக் கோமகன் அளித்த பொருளுதவி கொண்டு பாரிஸ் சென்றார். அங்கே கே-லுசாக்கின் ஆய்வுக்கூடத்தில் பயின்றார். 1824இல், தம் 21ஆம் வயதில், கீசென் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பொறுப்பேற்றார். மாணாக்கர் தம் கையாலேயே செய்து கற்கும் ஆய்வுக்கூடம் ஒன்றை அங்கு அமைத்தார். மருந்தாளுநராக விரும்பிய இளைஞர் பலர் அதில் பயின்றனர். பின்னர் பிரிட்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மாணாக்கர் அவரை நாடி வந்தனர்.

ஆயினும் லீபிக் பெற்றது தனியொருவர் பேறு. கோமகன் கைகொடாதிருந்தால் அவர் பாரிஸ் சென்றிருப்பது அரிது. அத்தகைய வாய்ப்பைப் பலர்க்கும் உரிய முறையாக ஆக்கியவர் அரசருமல்லர், அமைச்சருமல்லர், மாணாக்கரே ஆவர்.

1949 ஆகஸ்ட் 25ஆம் நாள் லண்டன் மாநகரில் எட்டு நாடுகளின் மாணவர் சங்கங்கள் கூடி, அனைத்துலக மருந்தாக்க மாணவர் கூட்டமைப்பை நிறுவின. பிரிட்டன், அயர்லாந்து, டென்மார்க், நெதர்லாந்து, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, ஆஸ்திரேலியா என்பன அவை. இப்பட்டியலைச் சற்று ஊன்றிப் பார்த்தல் வேண்டும். போர் முடிந்து நான்கே ஆண்டுகள். டென்மார்க்கும் நெதர்லாந்தும் ஜெர்மானியப் படையின் கீழ்க் கிடந்து மீண்டவை. ஆஸ்திரியாவோ போர்க்காலத்தில் ஜெர்மனியோடு இணைக்கப்பட்டிருந்தது. 1949இல் வென்ற நான்கு வல்லரசுகளின் ஆட்சிப் பிடியில் இருந்தது. அந்நாட்டு இளைஞரும் பிரிட்டிஷ் இளைஞரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு சங்கம் கண்டது சிறு செய்தியன்று.

அக்கூட்டமைப்பின் பணிகளுள் தலையாயது மாணவர் பரிமாற்றம். ஒவ்வொரு நாட்டுச் சங்கத்திலும் இதற்கென ஒரு மாணவப் பொறுப்பாளர் இருப்பார். அவர் தம் நாட்டு மருந்துக் கடை, மருத்துவமனை, மருந்துத் தொழிற்சாலை, ஆய்வுக்கூடம் ஆகியவற்றில் அயல்நாட்டு மாணாக்கருக்கு இடம் தேடித் தருவார். தம் நாட்டு மாணாக்கரை அயல்நாட்டுக்கு அனுப்பியும் வைப்பார். சில வாரங்கள் முதல் மூன்று மாதங்கள் வரை பயிற்சி நடைபெறும். மலேசிய, சிங்கப்பூர் மாணவர் சங்கங்களும் இதில் பங்கு கொள்கின்றன. தங்குமிடத்துக்கு உதவி கிட்டுவதுண்டு. பயணச் செலவு பெரும்பாலும் மாணாக்கர் தலையில்தான் விழும்.

இவ்விடத்தில்தான் நம் தோட்டத்துப் பிள்ளைகள் தடுக்கி விழுகின்றனர். என்னிடம் தமிழும் கணக்கும் பயின்ற மாணவி ஒருத்தி பின்னாளில் மருந்தாக்கக் கல்வி கற்றாள். அவள் தந்தையார் பால்மரம் சீவுபவர். ஐரோப்பிய நாடொன்றில் பயிற்சிக்கு இடம் கிடைத்தும், விமானக் கட்டணத்துக்கு வழியின்றி அதனை விட்டுவிட்டாள். ஓராண்டு கழித்தே எனக்குச் செய்தி எட்டிற்று. “முன்பே சொல்லியிருக்கலாமே, அம்மா” என்றேன். “யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை, சார்” என்றாள்.

லீபிக்கிற்கு ஒரு கோமகன் இருந்தார். 1949இல் கூடிய இளைஞர்கள் கதவைத் திறந்து வைத்தார்கள். கப்பற்கூலியை அவர்களால் எல்லார்க்கும் கொடுக்க இயலவில்லை. அக்கூலியைத் திரட்டுவது நம் ஆசிரியர் சங்கங்களுக்கும், முன்னாள் மாணவர் மன்றங்களுக்கும், ஆலய நிருவாகங்களுக்கும் ஆகாத செயலா? ஆண்டுக்கு ஒரு பிள்ளையை அனுப்பினாலும் போதும். யாரிடம் கேட்பது என்னும் வினாவுக்கு ஒரு விடையேனும் நம் ஊரில் இருக்கட்டும்.