மூன்று மணிக்கு ஆட்டம்

1923 ஏப்ரல் 28, சனிக்கிழமை. லண்டனின் வடமேற்கே வெம்ப்ளியில், சிமென்ட் வாசனைகூடப் போகாத புது ஸ்டேடியத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். ஆட வேண்டிய இரண்டு அணிகளில் ஒன்றான போல்ட்டன் வாண்டரர்ஸ் ஏறி வந்த பஸ், மைதானத்துக்கு இன்னும் ஒரு மைல் இருக்கும்போதே நின்றுவிட்டது. முன்னாலும் தலைகள், பின்னாலும் தலைகள். ஆட்டக்காரர்கள் இறங்கினார்கள். தங்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்த கூட்டத்துக்குள் தாங்களே புகுந்து, வழி கேட்டு வழி கேட்டு நடந்தார்கள்.

அன்றைய நாளை ஒரு வெள்ளைக் குதிரையின் கதையாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். குதிரையும் வரும். ஆனால் குதிரைக்கு முன்னால் ரயில் இருக்கிறது. கால்பந்துக் கூட்டத்தை மைதானம் வரை கொண்டுவந்து சேர்க்கும் வித்தையை இங்கிலாந்து அதற்குள் நன்றாகவே கற்றிருந்தது. வந்தவர்களை வாசலில் என்ன செய்வது என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

மூன்று மணி என்ற கணக்கே ஆலைச் சங்கிலிருந்து வந்தது. 1850-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பஞ்சாலைகளில் பெண்களையும் சிறுவர்களையும் சனிக்கிழமை இரண்டு மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் தறி ஓடாது என்பதால் ஆண்களுக்கும் அரை நாள் விடுமுறை கிடைத்தது. பின்னால் வந்த சட்டங்கள் அந்த நேரத்தை இன்னும் முன்னுக்குத் தள்ளின. சங்கு ஊதியதும் வீட்டுக்குப் போய்க் கைகால் கழுவி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மூன்று மணி ஆட்டத்துக்குச் சரியாக இருக்கும். ஆனால் ஊரே அந்தச் சிறிய இடைவெளிக்குள் கிளம்பும். நாள் முழுக்க நடக்கும் சந்தைக்கு ஜனங்கள் விட்டுவிட்டு வருவார்கள். கால்பந்துக்கு ஒரே அலையாக வருவார்கள். இந்த நெரிசல் மோட்டார் கார்களால் வந்ததல்ல, கடிகாரத்தால் வந்தது.

இந்த அலையைச் சுமக்க அந்தக் காலத்தில் ரயிலை விட்டால் வேறு வழியில்லை. 1895 முதல் 1914 வரை எஃப்.ஏ. இறுதி ஆட்டங்கள் தென் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் நடந்தன. அந்த இடத்துக்கு ஒன்றுக்கு இரண்டு ரயில் நிலையங்கள் இருந்தன. மலிவுக் கட்டணச் சிறப்பு ரயில்கள் வடக்கத்தி ஆலை ஊர்களிலிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு வந்து லண்டனில் கொட்டின.

ரயில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒரு முறை பார்த்துவிட்டார்கள். 1901 இறுதியில் டாட்டனம் ஹாட்ஸ்பரும் ஷெஃபீல்டு யுனைடெட்டும் கிரிஸ்டல் பேலஸில் 1,10,820 பேருக்கு முன்னால் இரண்டுக்கு இரண்டு என்று சமன் செய்தன. மறு ஆட்டம் அடுத்த சனிக்கிழமை, போல்ட்டன் ஊரின் பர்ன்டன் பார்க்கில். ஆனால் போல்ட்டன் ரயில் நிலையத்தை அப்போது இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த நிலையில் கூட்டத்தைத் தாங்காது என்று லங்காஷயர் அண்ட் யார்க்‌ஷயர் ரயில்வே மலிவு டிக்கெட் தர மறுத்துவிட்டது. லட்சம் பேர் பார்த்த ஆட்டத்தின் தொடர்ச்சியைப் பார்க்க வந்தவர்கள் 20,470 பேர். உள்ளூர்க் கடைக்காரர்கள் பெருங்கூட்டத்தை நம்பி இறைச்சிப் பை மலை மலையாகச் சுட்டு அடுக்கியிருந்தார்கள். வாங்க ஆளில்லை. அந்த நாளுக்கு ஊரில் ‘பை சனிக்கிழமை’ என்றே பெயர் நிலைத்தது. கோப்பை டாட்டனத்துக்குப் போனது. நஷ்டம் போல்ட்டனோடு தங்கியது.

ரயிலின் அருமையைப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் ஹென்றி நோரிஸ். அவர் கையில் இருந்த வுலிச் ஆர்செனல் கிளப், தென்கிழக்கு லண்டனின் ஒரு மூலையில், பிளம்ஸ்டெட்டில் ஆடிக்கொண்டிருந்தது. நகரத்தின் மற்ற பகுதியிலிருந்து அங்கே போய்ச் சேர டிராமில் ஒரு யுகம் ஆகும். கூட்டம் கரைந்தது, கடன் ஏறியது. 1913-இல் நோரிஸ் கிளப்பையே மூட்டை கட்டி, தேம்ஸ் நதியைத் தாண்டி வடக்கே ஹைபரிக்குக் கொண்டுபோனார். அந்த இடத்தின் பெரிய கவர்ச்சி, பக்கத்திலேயே 1906 முதல் இயங்கிவந்த கில்லெஸ்பி ரோடு பாதாள ரயில் நிலையம். பிறகு மேனேஜராக வந்த ஹெர்பர்ட் சாப்மன் ஒரு படி மேலே போனார். நிலையத்தின் பெயரையே மாற்றச் சொல்லி ரயில்காரர்களை விடாமல் நச்சரித்தார். டிக்கெட், வரைபடம், பெயர்ப்பலகை எல்லாவற்றையும் புதிதாக அச்சடிக்க வேண்டும் என்றபோதும் அவர் விடவில்லை. 1932-இல் கில்லெஸ்பி ரோடு ‘ஆர்செனல்’ ஆனது. டிக்கெட் கவுன்ட்டரில் ஒவ்வொரு பயணியும் கிளப்பின் பெயரை வாய்விட்டுச் சொல்லும்படி செய்தார் சாப்மன்; அதைவிட மலிவான விளம்பரம் இன்றுவரை யாருக்கும் வாய்த்ததில்லை.

அந்த நிலையத்தில் லிஃப்ட்டும் இல்லை, நகரும் படிக்கட்டும் இல்லை. பிளாட்ஃபார்மிலிருந்து தெருவுக்கு ஒரு நீண்ட சாய்வு நடைபாதை ஏறுகிறது. அதை நெடுக ஒரு தடுப்பு இரண்டாகப் பிரிக்கிறது: ஒரு பக்கம் அகலம், மறு பக்கம் ஆள் ஒண்டிப் போகிற அளவுக்குக் குறுகல். ஆட்ட நாளில் பெருங்கூட்டத்துக்கு அகலப் பக்கம், அதை எதிர்த்து வருகிற சொற்பப் பேருக்குக் குறுகல் பக்கம். கடல் ஏற்றவற்றம் போல வந்து திரும்பும் கூட்டத்துக்கு ஏற்ற ஏற்பாடு என்பதால் அலைப் பாதை என்றே அதற்குப் பெயர்.

வெம்ப்ளியிலும் முதலில் வந்தது ரயில்தான். மெட்ரோபாலிட்டன் ரயில்வேயின் தலைவர் சர் எட்வர்ட் வாட்கினுக்குத் தன் தடத்தில் டிக்கெட் விற்க வேண்டும். அதற்காக, பாரிஸின் ஐஃபிலை மிஞ்சும் கோபுரம் ஒன்றை வெம்ப்ளிப் புல்வெளியில் எழுப்பத் தொடங்கினார். 1893 அக்டோபரில் வெம்ப்ளி பார்க் நிலையத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியபோது கோபுரம் இன்னும் எழும்பவில்லை; முதலில் ரயில் நின்றது, அந்தப் பூங்காவில் சனிக்கிழமை நடந்த கால்பந்து ஆட்டங்களுக்காக. கோபுரம் முதல் தளத்தோடு நின்றுபோய், ‘வாட்கினின் முட்டாள்தனம்’ என்று பெயர் வாங்கி, 1907-இல் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அதே மண்ணில்தான் பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சிக்காக 300 நாளில், ஏழரை லட்சம் பவுண்டில் ஸ்டேடியம் எழுந்தது. கட்டி முடிந்தபோது இறுதி ஆட்டத்துக்கு நான்கே நாள் மிச்சம்.

ரயில் ஏற்பாட்டில் குறையே சொல்ல முடியாது. அந்த ஆண்டுதான் பிறந்திருந்த லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே, ஸ்டேடியத்தை ஒட்டி ஒரு வளையத் தடமே போட்டது. மேரில்போன் நிலையத்திலிருந்து வரும் ரயில் பிரதான தடத்தை விட்டு விலகி வளையத்தில் நுழையும், ஒற்றை நிலையத்தில் ஆட்களை இறக்கும், அப்படியே வளைந்து போய் லண்டனைப் பார்த்தபடி பிரதான தடத்தில் சேர்ந்துவிடும். எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுகிற வேலை இல்லை, எதிர் ரயிலுக்குக் காத்திருப்பதும் இல்லை. செக்கு மாடு போல ரயில்கள் சுற்றிக்கொண்டே இருக்கலாம். அந்த நிலையம் திறக்கப்பட்ட நாள் 1923 ஏப்ரல் 28. இறக்க இறக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

வாசலில் என்ன கணக்கு? முந்தைய மூன்று இறுதி ஆட்டங்களும் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானத்தில் நடந்தன. மூன்றில் அதிகபட்சக் கூட்டம் 1921-இல் வந்த 72,805. புது ஸ்டேடியத்திலோ ஒன்றேகால் லட்சம் பேர் நிற்கலாம். நிறையுமா என்பதுதான் அமைப்பாளர்களின் கவலை. அதனால் ஊரெல்லாம் விளம்பரம் செய்தார்கள். உட்காரும் இடங்களில் ஒரு பகுதிக்குத்தான் முன்கூட்டியே டிக்கெட். மற்றவர்கள் வாசலில் காசு கொடுத்து நுழையலாம். போதாக்குறைக்கு, போல்ட்டனின் எதிரணி கிழக்கு லண்டனின் வெஸ்ட் ஹாம் யுனைடெட். பாதி ஊருக்கு அது சொந்த ஊர் ஆட்டம்.

காலை 11.30-க்குக் கேட் திறந்தது. ஒரு மணி வரை எல்லாம் ஒழுங்கு. அதன் பிறகு வெள்ளம். 1.45-க்குக் கேட்டுகளை மூடச் சொன்னார்கள். செய்தி ரயில் நிலையங்களுக்கும் போனது. ஆனால் வழியில் வந்துகொண்டிருப்பவர்களை யார் திருப்பி அனுப்புவது? 2.15-க்கு வெளியே நின்ற கூட்டம் தடுப்புகளை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. உள்ளே இருந்தவர்கள் நசுங்காமல் தப்ப ஒரே வழி, முன்னால் இருந்த புல்வெளி. அதிகாரபூர்வக் கணக்கு 1,26,047. மற்ற மதிப்பீடுகள் மூன்று லட்சம் வரை போகின்றன. மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் வந்தபோது ஆடுகளத்தில் புல்லே தெரியவில்லை.

இப்போது குதிரை. கான்ஸ்டபிள் ஜார்ஜ் ஸ்கோரிக்கு அன்று வெம்ப்ளியில் பணி இல்லை; நிலைமை கைமீறிய பிறகு வரவழைக்கப்பட்டவர். அவர் ஏறி வந்த பில்லி உண்மையில் சாம்பல் நிறம். செய்திப்படத்தின் கறுப்பு வெள்ளையில் அது பளீரென்று வெளுத்துத் தெரிந்தது. களத்தில் வேறு போலீஸ் குதிரைகளும் இருந்தன. அவற்றின் கருமை கூட்டத்தோடு கரைந்துவிட்டதால் பெயர் முழுக்க பில்லிக்கே போயிற்று. ஸ்கோரி செய்த காரியம் எளிமையானது. முன்வரிசையில் இருப்பவர்களைக் கைகோத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு எல்லோரும் சேர்ந்து ஓர் அடி பின்னால், இன்னும் ஓர் அடி பின்னால். பில்லி மூக்கால் மெல்ல நெட்டியது. நடுவில் தொடங்கிய வெற்றிடம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து கோட்டைத் தொட்டது.

ஆட்டம் சுமார் முக்கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. பார்வையாளர்களின் பூட்ஸ் முனைதான் எல்லைக்கோடு. இரண்டாவது நிமிடத்தில் போல்ட்டனின் டேவிட் ஜாக் முதல் கோலை அடித்தபோது, பந்தைக் கையால் எறிந்த வெஸ்ட் ஹாம் வீரர் ஜாக் ட்ரெசடர்ன் இன்னும் கூட்டத்துக்குள்ளிருந்து வெளியே வர முடியாமல் சிக்கிக் கிடந்தார். இடைவேளையில் உடைமாற்றும் அறைக்குப் போக வழியில்லாததால் இரண்டு அணியும் களத்திலேயே நின்றன. போல்ட்டன் இரண்டுக்கு பூஜ்யம் என்று வென்றது. காயம்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில். ஆனால் அந்த நெரிசலில் ஒருவரும் சாகவில்லை. இன்று நினைத்துப் பார்த்தாலும் நம்பக் கடினம்.

டிக்கெட் வைத்தும் இருக்கைக்குப் போக முடியாதவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்தது. எட்வர்ட் ஷார்ட் தலைமையில் அமைந்த குழு 1924-இல் கூட்டக் கட்டுப்பாட்டைப் பற்றி அறிக்கை தந்தது. அந்த ஆண்டு முதல் இறுதி ஆட்டத்துக்கு முன்கூட்டி டிக்கெட் வாங்கியவர்களுக்கு மட்டுமே அனுமதி. பார்க்க வருபவரின் பயணமே இதனால் மாறிப்போனது. இடம் நிச்சயம் என்றால் காலை பதினொரு மணிக்கே வந்து கேட்டில் தொங்க வேண்டியதில்லை.

ஆனால் ஷார்ட் குழுவின் யோசனைகளுக்குச் சட்ட பலம் இல்லை. சாதாரணக் கிளப் மைதானங்கள் பழையபடியே ஓடின. 1946 மார்ச் 9 அன்று போல்ட்டனின் அதே பர்ன்டன் பார்க்கில், ஸ்டோக் சிட்டிக்கு எதிரான கோப்பை ஆட்டத்துக்குச் சுமார் 85,000 பேர் திரண்டார்கள். போர்க்காலத்தில் அரசு எடுத்துக்கொண்ட ஒரு ஸ்டாண்ட் இன்னும் திரும்பி வராததால், அந்தப் பக்கத்து வாசல்களும் மூடிக் கிடந்தன. கேட் அடைத்த பிறகும் மைதானத்தை ஒட்டிய ரயில் தடத்தின் பக்கமிருந்து ஆட்கள் ஏறிக் குதித்தார்கள். ரயில் வராமல் பை விற்காத ஊரில், 45 ஆண்டு கழித்து, ரயில் தடத்தின் பக்கத்து மேட்டில் 33 பேர் நசுங்கிச் செத்தார்கள். உடல்களைக் களத்தின் ஓரமாகக் கிடத்திவிட்டு, மரத்தூளால் புது எல்லைக்கோடு போட்டு, ஆட்டத்தை ஆடி முடித்தார்கள்.

வெம்ப்ளிக்கு அகலமான வழி அமைந்தது 1948-இல். கண்காட்சியில் புகையிலைக் கடையில் வேலை பார்த்து, பின்னாளில் ஸ்டேடியத்தையே தன் நிர்வாகத்தில் கொண்டுவந்த ஆர்தர் எல்வின், லண்டன் ஒலிம்பிக்கையொட்டி வெம்ப்ளி பார்க் நிலையத்திலிருந்து ஸ்டேடியம் வரை நேர்ச்சாலை போட்டார். வேலை செய்தவர்களில் ஜெர்மன் போர்க் கைதிகளும் உண்டு. அந்தச் சாலைக்கு ஒலிம்பிக் வே என்று பெயர். ஆட்ட ரசிகர்கள் வாயில் அது வெம்ப்ளி வே. வளையத் தடத்துக்கு வேறு கதி. கார் பெருகியது, கண்காட்சித் திடல் தொழிற்பேட்டை ஆனது. இறுதி ஆட்ட நாளில் பிறந்த தடத்தில் கடைசி ரயில் ஓடியதும் ஓர் இறுதி ஆட்ட நாளில்தான்: 1968 மே 18.

பழைய ஸ்டேடியத்தை இடித்து, 90,000 இருக்கைகளோடு 2007-இல் திறந்த புது வெம்ப்ளி காரை நம்பவில்லை. கார் நிறுத்த இடம் சொற்பம். சுற்றியுள்ள மூன்று ரயில் நிலையங்கள்தான் அதன் உண்மையான வாசல்கள். ஆட்டம் முடிந்ததும் வெம்ப்ளி பார்க் படிக்கட்டின் அடியில் கூட்டத்தை நிறுத்துகிறார்கள். மேலே பிளாட்ஃபார்மில் இடம் காலியாகக் காலியாகத்தான் அடுத்த மந்தைக்கு வழிவிடுகிறார்கள். தோற்ற அணியின் ரசிகருக்கு அந்தப் பத்து நிமிடம் பத்து மணி நேரம்.

இன்னொரு நிலையமான வெம்ப்ளி ஸ்டேடியத்திலிருந்து வருபவர்கள் தடத்தின் மேல் ஒரு நடைபாலத்தைக் கடக்கிறார்கள். பாலத்துக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது பில்லி ஜெயித்தது. அதனால் அது ‘ஒயிட் ஹார்ஸ் பிரிட்ஜ்’. குதிரைக்குப் பாலம் கிடைத்தது. குதிரைக்காரருக்கு, அந்த 1923-க்குப் பின் நடந்த இறுதி ஆட்டங்களுக்குக் கால்பந்துச் சங்கம் இலவச டிக்கெட் அனுப்பிவைத்தது. ஸ்கோரி போகவே இல்லை. அவருக்குக் கால்பந்தில் ஆர்வம் கிடையாது.